நினைவுக்கல்லடியில் உருளைக்கிழங்கு

மார்சலிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். போரவேக் ஊரில் அவள் கத்துவதைக் கேட்டு யாரும் பயந்ததில்லை. அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் ஆண்கள் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்புவார்கள். பண்ணைக் காரியஸ்தர் கில்கிறிஸ்ட் வெளியூர்க்காரர். எங்கள் பாஷையில் நாய்களை விரட்ட மட்டும் கற்றுக்கொண்டவர். அவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் நினைவுக்கல்லின் வேலிச் சாவியை அவள் கையில் கொடுத்திருக்க மாட்டார்.

எங்கள் தீவின் மேற்குக் கரையில் கீழ்வயல் என்று ஒரு நிலம் இருக்கிறது. கிளிஞ்சல் மணல் கலந்த மண். எதை ஊன்றினாலும் முளைக்கும். எங்கள் முன்னோர் அங்கேதான் வீடு கட்டி வாழ்ந்தார்கள். பண்ணையாரின் பாட்டனுக்கு ஒருநாள் மனிதர்களைவிட ஆடுகள் லாபம் என்று பட்டது. கூரைகளைக் கொளுத்தி, ஜனங்களைக் கிழக்கே பாறைப் பக்கம் துரத்திவிட்டார். பாறைப் பக்கத்தில் மண் கிடையாது. கடற்பாசியை முதுகில் கூடை கூடையாகச் சுமந்துவந்து பாறை இடுக்குகளில் கொட்டி, அது மக்கி மண்ணாகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் கிழங்கு ஊன்ற வேண்டும். மார்சலி பிறந்தது அந்தப் பாறையில். வயதுக்கு வந்ததும் மற்றப் பெண்களோடு கிழக்குத் துறைமுகங்களுக்கு ஹெர்ரிங் மீன் வெட்டப் போனாள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, வெட்டுக்காயத்தில் உப்பு ஏற ஏற, பீப்பாய் பீப்பாயாக மீன் நிரப்பினாள். திரும்பி வந்து தோர்மத்தைக் கட்டிக்கொண்டாள். தோர்மத் பேச்சு குறைந்த மனுஷன். மேட்டில் ஏறி, எதிரே பச்சையாகக் கிடக்கும் கீழ்வயலைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவனுக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு.

யுத்தம் தொடங்கிய அடுத்த வசந்தத்தில் பண்ணையாரே தேவாலய வாசலுக்கு வந்தார். அதுவரை அந்த வாசலை மிதிக்காதவர். படைக்கு ஆள் சேர்க்க வந்திருந்தார். போகிறவனுக்குக் கீழ்வயலில் பங்கு உண்டு, அவன் திரும்பாவிட்டால் அவன் குடும்பத்துக்கு உண்டு என்று இங்கிலீஷில் சொன்னார். போதகர் அதை எங்கள் பாஷையில் திருப்பிச் சொன்னார், கையில் வேதப் புத்தகத்தோடு. ஊரே கேட்டது. தோர்மத்தும் அவன் சித்தப்பா மகன் யாக்கனும் தோளோடு தோள் நின்று கேட்டார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து தோர்மத், வழக்கத்துக்கு மாறாக, இரண்டு வாக்கியம் பேசினான்.

"நான் வந்ததும் முதல்ல அங்க ஒரு பாத்தி போடுவேன். நம்ம புள்ளைங்க மண்ணுல விழுந்து எந்திரிக்கட்டும், போதும் இந்தக் கல்லு."

அவன் வரவில்லை. வாழ்நாளெல்லாம் ஒரு பிடி மண்ணுக்கு ஏங்கியவன், ஆளையே விழுங்கும் போர்க்களச் சேற்றில் போய்ச் செத்தான். ஊரிலிருந்து போனவர்களில் அவனையும் சேர்த்து ஏழு பேர் திரும்பவில்லை.

யுத்தம் முடிந்ததும் ஊர்க்காரர்கள் நிலத்தைக் கேட்டார்கள். ஆட்டுப் பண்ணைக் குத்தகை இன்னும் முடியவில்லை என்றார் கில்கிறிஸ்ட். முடிந்த பிறகு கேட்டார்கள். புதுப்பித்தாயிற்று என்றார். பண்ணையாருக்கு எழுதிய மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல்தான். திரும்பி வந்த யாக்கனுக்கு மட்டும் கேட்காமலே ஒன்று கிடைத்தது. பண்ணைக் காவல்காரன் வேலை, பித்தளைப் பொத்தான் வைத்த தொப்பி. குண்டுச் சத்தத்தில் அவனுக்கு ஒரு காதுதான் செவிடாகியிருந்தது. ஆனால் கீழ்வயல் பேச்சை எடுத்தால் இரண்டு காதும் கேட்காது. ஊர் அவனை மன்னித்தது, பிள்ளைகுட்டிக்காரன் என்று. மார்சலி மன்னிக்கவில்லை. அவளுக்கும் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

நிலம் கேட்டவர்களுக்குப் பண்ணையார் கல் கொடுத்தார். கொஞ்சமும் வெட்கமில்லாமல், அதே கீழ்வயலின் தலைமாட்டில், அபர்தீனிலிருந்து கப்பலில் வரவழைத்த கருங்கல் சிலுவையை நிறுத்தினார். அடித்தளத்துக்குக் கல் வேண்டுமே? கொளுத்திய வீடுகளின் சுவர்கள் அங்கேயே கிடந்தன. அவற்றைப் பெயர்த்துப் போட்டார்கள். தோர்மத்தின் பாட்டன் வீட்டு அடுப்புக்கல், நடுவில் கரி படிந்தது, அதையும் போட்டார்கள். சுற்றிலும் இரும்புக் கம்பி வேலி. எதற்கு? பண்ணை ஆடுகள் வந்து வீரர்களின் பெயர்மீது முதுகைச் சொறிந்துகொள்ளக் கூடாது என்பதற்கு. வேலிக்கு வெளியே வயல் முழுவதும் ஆடுகளுக்கு. உள்ளே நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் இடம் செத்தவர்களுக்கு. இருக்கிறவர்களுக்குப் பாறை. பங்கீடு அப்படி.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் மோட்டார் வண்டியில் வந்தார்கள். இந்த மண் இவர்களை ஒருநாளும் மறக்காது என்று பண்ணையார் பேசினார். அப்போது அவர் குரல் உடைந்ததாகச் சிலர் சொன்னார்கள். காற்றுக்குத் தொண்டை கட்டியிருக்கும் என்றாள் மார்சலி. விழா முடிந்து அவர்கள் மாளிகைக்கு விருந்துக்குப் போனார்கள். விதவைகளுக்குக் கம்பளி மூட்டை அடுக்கும் கொட்டகையில் ஆளுக்கு ஒரு கோப்பை தேநீரும் ஒரு பன்னும். பன்னில் திராட்சை இருந்தது என்று கில்கிறிஸ்ட் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினார்.

அங்கே வைத்துத்தான் சாவியைக் கொடுத்தார். வேலிக்குள் புல் மண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அழகாக ஏதாவது நட்டு வைத்தாலும் நல்லது, பண்ணையார் சந்தோஷப்படுவார். கூலி? இது கூலிக்குச் செய்கிற வேலையா, அவளுக்குக் கிடைத்த கௌரவம் அல்லவா என்றார். மார்சலி துறைமுகத்தில் பழகிய இங்கிலீஷில், மிக மெதுவான குரலில், சரிங்கய்யா என்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

குளிர்காலம் போனதும் அவள் கூடையைத் தோளில் மாட்டினாள். கரையில் ஒதுங்கிய கடற்பாசியைச் சுமந்து மேடு ஏறி, இறங்கி, வேலிக்குள் கொட்டினாள். நாள் தவறாமல் சுமந்தாள். பூச்செடிக்கு இவ்வளவு எருவா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள். உப்புக் காற்றில் பூ எங்கே நிற்கும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்புறம் தோர்மத்தின் கால் கலப்பையை எடுத்துவந்து, மிதித்து மிதித்துப் புல்தரையைப் புரட்டி, சிலுவையின் அடியில் ஏழு பெயருக்கும் ஏழு பாத்தி போட்டு உருளைக்கிழங்கு ஊன்றினாள். அந்தத் தீவிலேயே ஆடு வாய் வைக்க முடியாத நல்ல நிலம் அது ஒன்றுதான். அதை அவளுக்கு வேலி கட்டிக் கொடுத்ததே பண்ணையார்தான்.

முளை விட்ட பிறகுதான் ஊருக்கு விளங்கியது. பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர், மகனைப் பறிகொடுத்த இரண்டு தாய்மார் உட்பட, முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது மார்சலிக்கு வலித்தது. அவர்களிடம் போய் அவள் ஒன்றும் வாதாடவில்லை. உன் மகன் பாத்தியில் விளைவது உனக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

போதகர் வந்தார். செத்தவர்களின் நினைவிடத்தில் தின்கிற பொருளை விளைவிப்பது எந்த ஊர் மரியாதை என்று கேட்டார். நீண்ட நேரம் கேட்டார். அவள் களை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

"போதகரய்யா, அன்னிக்கு வாசல்ல நின்னு அவர் சொன்னதை எங்க பாஷையில சொன்னது நீங்கதானே?"

"அது வேற விஷயம், மார்சலி."

"நீங்க புஸ்தகத்தைக் கையில வெச்சிட்டுச் சொன்னதாலதான் எம்புருஷன் நம்புனான். அவரு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டான்."

போதகர் அதற்கு மேல் நிற்கவில்லை. அந்த வாரப் பிரசங்கத்தில் பொறுமையைப் பற்றிப் பேசினார்.

அடுத்து கில்கிறிஸ்ட் யாக்கனைக் கூட்டிக்கொண்டு வந்தார். செடிகளை ஒன்று விடாமல் பிடுங்கி எறி என்று உத்தரவு. ஊரும் பின்னாலேயே வந்து மேட்டில் நின்றது. மார்சலி வேலிக் கதவருகில் நின்றாள். யாக்கன் மண்வெட்டியோடு அவள்முன் வந்து, காரியஸ்தருக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. செய்யலன்னா வேலை போயிடும். நாலு புள்ளைங்க இருக்கு."

"யாரு வேணாம்னா? இந்தா சாவி, நீயே தொற."

அவன் கை நீட்டவில்லை. அவள் சாவியை அவன் சட்டைப் பையில் போட்டாள்.

"எல்லாத்தையும் புடுங்கு. ஆனா தோர்மத் பாத்தியில ஆரம்பி. அவன் கல்லுல பேரு கேக்கல யாக்கன், நெலம் கேட்டான். நீயும் பக்கத்துலதான் நின்ன. எந்தக் காதுல கேட்ட, நல்ல காதுலயா, செவிட்டுக் காதுலயா?"

யாக்கன் கதவைத் திறந்து உள்ளே போனான். தோர்மத்தின் பெயருக்கு நேரே நின்றான். அடித்தளத்தில் கரி படிந்த கல்லைப் பார்த்தான். அது அவனுக்கும் பாட்டன் வீட்டு அடுப்புக்கல். கில்கிறிஸ்ட் கைத்தடியால் தரையைத் தட்டி, ம் என்றார்.

யாக்கன் தொப்பியைக் கழற்றினான். வேலிக் கம்பியின் முனையில் அதை மாட்டினான். வெளியே வந்து, கதவைச் சாத்தி, பூட்டி, வேலிக்கு இந்தப் பக்கம், ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்த வயலில், மண்வெட்டியை இறக்கினான். ஒரு புரட்டு. இன்னொரு புரட்டு. கறுத்த மண் மேலே வந்தது. கில்கிறிஸ்ட் ஏதோ சொன்னார். யாக்கன் செவிட்டுக் காதை அவர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

"அண்ணி, வெதைக்கெழங்கு மிச்சம் இருக்கா?"

"பருவம் தப்பிப்போச்சுடா."

"இத்தனை வருஷம் தப்பியாச்சு. பரவாயில்ல, குடுங்க."

மேட்டில் நின்றவர்கள் இறங்கி வந்தார்கள். முகத்தைத் திருப்பிய தாய்மாரில் ஒருத்தி இடுப்பில் கட்டியிருந்த முன்துணியை விரித்துக் கிழங்கு வாங்கிக்கொண்டாள். அந்தி சாய்வதற்குள் வேலியைச் சுற்றி வயல் ஒரு வீட்டு அகலத்துக்குக் கறுத்துவிட்டது. ஆடுகள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தன.

தடை உத்தரவு வந்தது. யாரும் மதிக்கவில்லை. மார்சலியையும் யாக்கனையும் இன்னும் மூன்று பேரையும் கப்பலேற்றிக் கொண்டுபோய் நீதிபதிமுன் நிறுத்தினார்கள். நாட்டுக்காக உயிர் கொடுத்தவர்களின் நினைவிடத்தை அவமதித்தோமே என்று வருத்தமில்லையா என்று நீதிபதி அவளைக் கேட்டார். அவமதித்தது யார்? வாக்குக் கொடுத்து ஆளைக் கூட்டிப்போய்ச் சாகவிட்டு, அந்த வாக்கின் மேலேயே கல்லைத் தூக்கி வைத்தவர் விருந்தில் இருக்கிறார், கிழங்கு ஊன்றினவள் கூண்டில் நிற்கிறாள், இதுதான் உங்கள் நியாயமா என்று மார்சலி மெதுவான குரலில், ஒரு சொல்லைக்கூட விழுங்காமல், எங்கள் பாஷையில் கேட்டாள். மொழிபெயர்க்க வைத்திருந்த ஆள் நீதிபதியைப் பார்த்து, வருத்தமில்லையாம் என்றான். அவ்வளவையும் அந்த ஒரு வார்த்தையில் அடக்கிவிட்டான். அந்த ஒரு வார்த்தைக்குச் சிறை.

இன்வர்னெஸ் சிறையைப் பற்றி அவளுக்கு ஒரே குறைதான். முற்றத்தில் அருமையான மண், ஒரு கல் இல்லை, சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள் என்பாள்.

படைக்குப் போன மனிதனையும் படையில் செத்தவன் மனைவியையும் சிறையில் போட்ட செய்தி பேப்பர்களில் வந்தது. அதன் பிறகு அரசாங்கத்துக்குச் சங்கடமாகிவிட்டது. கீழ்வயலைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். ஊர் வழக்கப்படி தொப்பிக்குள் ஆளுக்கொரு அடையாளம் போட்டுக் குலுக்கி எடுத்தோம். மார்சலிக்கு விழுந்தது வயலின் சதுப்பு மூலை. செத்த ஏழு பேரில் இரண்டு பேருடைய குடும்பங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு முன்பே கனடாவுக்குக் கப்பலேறியிருந்தன. அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது மார்சலியின் குரல் இன்னும் தாழ்ந்துவிடும்.

நிலம் பிரிப்பதற்கு முன்பே, சிறையிலிருந்து வந்த கையோடு, அவள் வேலிக்குள் விளைந்ததைத் தோண்டினாள். கனடா போனவர்களின் பாத்திகள் போக, மற்றது அந்தந்த வீட்டுக்குப் போனது. தோர்மத் பாத்தியில் வந்ததை அங்கேயே அவித்து, உப்பு ஹெர்ரிங்கோடு, அடுப்புக்கல்லின்மேல் உட்கார்ந்து, பெண்கள் இரண்டு பேருக்கும் கொடுத்துத் தானும் தின்றாள். கிழங்கு மாவு மாவாக உதிர்ந்தது. அப்போது அவள் அழுதாள் என்று பெண்கள் சொல்வார்கள். ஆவி கண்ணில் பட்டது என்று அவள் சொல்வாள்.

மறு வருஷம் வேலிக் கதவில் ஒரு பித்தளைத் தகடு வந்து உட்கார்ந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மார்சலி போதகரைக் கேட்டாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். வீரர்களின் குடும்பங்களுக்குப் பண்ணையார் மனமுவந்து அளித்த கொடை இந்த வயல். அவள் அவரை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். பிறகு எங்கள் பாஷையில் சொல்லச் சொன்னாள். போதகர் தகட்டிலிருந்து கண்ணை எடுத்தார். எனக்கு வராது மார்சலி என்றார். அவர் அந்த ஊரில் செய்த மிகச் சிறந்த பிரசங்கம் அதுதான்.

மறுநாள் தகட்டைக் காணவில்லை. யார் எடுத்தது என்று கில்கிறிஸ்ட் வீடு வீடாக விசாரித்தார். யாக்கனிடம் இரண்டு தரம் கேட்டார்.

"எனக்குத்தான் காது கேக்காதே, ஐயா," என்றான் யாக்கன்.

மார்சலி சாகும்வரை அது அவள் வீட்டு மீன் பீப்பாய்க்கு மூடியாக இருந்தது, எழுத்துப் பக்கம் உப்புக்குள்.