அரை நாள் செத்தவர்

கோலார் தங்க வயலுக்கு வருகிறவர்கள் மலை என்று படம் பிடித்துக்கொண்டு போவது மலையே இல்லை. பூமிக்கடியில் வெட்டிய கல்லைப் பொடியாக்கி, சயனைடு தண்ணீரில் அலசி, தங்கத்தைச் சீமைக்கும் சக்கையை ஊருக்கும் என்று பாகம் பிரித்ததில் ஊருக்கு விழுந்த பாகம் அது. காற்றடிக்கிற மாதங்களில் வீடு தேடி வந்து சோற்றுத் தட்டிலும் உட்காரும். ஒரு சினிமாவில் வந்துவிட்டதிலிருந்து அதற்கும் ஒரு மவுசு. பெங்களூரிலிருந்து ரயிலேறி வந்து, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு முறைத்து நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முனிரத்தினம் இந்த மலைகளைக் காட்டிப் பிழைக்கிறவர். சுரங்கத்தை மூடியபோது குழியிலிருந்து ஏறிவந்து ஆட்டோவில் உட்கார்ந்தார்; இன்னும் இறங்கவில்லை. மாரிகுப்பம் ஸ்டேஷனில் ரயில் வந்து நின்றதும் முதல் குரல் அவருடையதுதான். அந்தச் சினிமா வில்லனின் வீடு எங்கே என்று கேட்டால் பழைய பம்ப் ஹவுஸைக் காட்டுவார். கோல்ப் மைதானத்தில் இன்றைக்கும் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பேய் பந்து தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். "வாயத் தொறந்தா புளுகு, எப்படித்தான் கூசாம சொல்லுதோ இந்த மனுசன்" என்பாள் மனைவி மங்களம். "அவங்க வந்ததே அத்தக் கேக்கத்தாண்டி" என்பார் இவர். அவருக்கு அது தொழில் தர்மம்.

ஊரிகத்தில் மூடிக்கிடக்கும் ஒரு சுரங்க ஷாப்டின் வேலிக்கு அருகே மட்டும் அவர் புளுகுவதில்லை. அவருடைய நைனா ஏழுமலை அந்தக் குழியில் இறங்கி, ஏறாமல் போனவர்.

அன்று ஏழுமலைக்கு லீவு. அடுத்த வீட்டுக் கோவிந்தன் தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கப் பங்காருபேட்டை போகவேண்டியிருந்தது. சுரங்கக்காரர்களின் லைன் வீடுகளில் சர்க்கரை, காப்பித்தூள் கைமாற்று வாங்குவதைப் போல ஷிப்டையும் கைமாற்று வாங்குவார்கள். மேஸ்திரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று இருவருமே மனைவியிடம் மூச்சு விடவில்லை; கோவிந்தன் ஷிப்டுக்குப் போவதாகவே சொல்லிவிட்டு ரயிலேறினார். கோவிந்தனின் நம்பர் பொறித்த பித்தளைப் பில்லையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏழுமலை கூண்டில் இறங்கினார். மதியம் கீழே பாறை வெடித்தது. லைன் முழுக்கப் பாத்திரங்கள் அலமாரியை விட்டுக் குதித்தன. யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்பதைப் பில்லை நம்பரை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். திரும்பி வராத நம்பர் கோவிந்தனுடையது. ஆகவே செய்தி வந்தது கோவிந்தன் வீட்டுக்கு.

கோவிந்தன் மனைவி பார்வதம்மா மண்ணில் புரண்டாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு கூடவே அழுதவள் ஏழுமலையின் மனைவி. புருஷன் எங்கோ சீட்டாடப் போயிருக்கிறான் என்பது அவள் எண்ணம். சாயங்கால ரயிலில் கோவிந்தன் ஜிலேபிப் பொட்டலத்தோடு வந்து இறங்கி, "இன்னா, நம்ம வூட்டாண்ட கூட்டம்?" என்று கேட்டார். எல்லோரும் அலறினார்கள். ஒருத்தி மட்டும் அலறவில்லை. அவள் மடியிலிருந்த பார்வதம்மாவை மெதுவாக இறக்கி வைத்தாள்.

ஏழுமலையை யாரும் போட்டோ எடுத்ததில்லை. குழியிலிருந்து கிடைத்ததையும் மூடித்தான் கொடுத்தார்கள். அவருடைய மகனிடம் இருப்பது இந்தக் கதை ஒன்றுதான். அதைச் சொல்லும்போது முனிரத்தினம் ஆட்டோவை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி நின்று சொல்வார். துரையின் பேய்க்கு வாய் பிளந்தவர்கள், இதற்கு மட்டும் போனைப் பார்ப்பார்கள்.

போனைப் பார்க்காமல் கேட்டவன் ஒருவன் உண்டு. கோவிந்தனின் மகன் உதய். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்ப் போய் முடி நரைத்தவன். போன வருஷம் தங்கம்மா டீக்கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரத்னண்ணா, பெரியப்பா கதைய முழுசாச் சொல்லு, போன்ல ரெகார்டு பண்ணி வெச்சுக்கறேன். நாளைக்கு நம்ம புள்ளைங்களுக்குத் தெரிய வாணாவா?" என்றான். முனிரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியாக நைனா சாப்பிட்ட களி, கருவாட்டுக் குழம்பு, தன் மூக்கைத் திருகிவிட்டுப் போனது, போகும்போது அடித்த விசில் என்று ஒன்று விடாமல் கொடுத்தார். டீக்கும் தானே காசு கொடுத்தார்.

இந்த வருஷம் உதய் வேலையை விட்டுவிட்டுச் சனி ஞாயிறுகளில் 'கோல்டு டிரெயில்' என்று ஒரு சுற்றுலாவை ஆரம்பித்தான். தலைக்கு மஞ்சள் ஹெல்மெட், கைக்கு டார்ச், நடுவில் ராகி பிஸ்கட். ஒரு சனிக்கிழமை முனிரத்தினத்தின் ஆட்டோவில் ஏறிய கூட்டம் அங்கே போகச் சொன்னது. இறக்கிவிட்டுத் திரும்பப் போனவர், ஷாப்ட் வேலியருகே உதயின் குரல் கேட்டு நின்றார். கன்னடமும் இங்கிலீஷும் கலந்து ஓடியது. களி வந்தது, கருவாடு வந்தது, விசில் வந்தது, மூக்கைத் திருகியதும் வந்தது. திருகப்பட்ட மூக்கு மட்டும் உதயுடையதாக இருந்தது. "என் அப்பா கோவிந்தன் இந்தக் குழியில் இறங்கினார், இன்று வரை என் அம்மா அந்த விசிலுக்காகக் காத்திருக்கிறாள்" என்று முடித்தான். ஹெல்மெட்டுகள் எல்லாம் கழன்றன. ஒரு நிமிஷ மௌனம்.

அந்த நிமிஷத்தில் கோவிந்தன் அரை மைல் தூரத்தில், தன் வீட்டுக்குள் முறுக்கை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே முனிரத்தினம் அந்த வீட்டில் போய் நின்றார். "டேய் உதயா, உசுரோட கீற மனுசனக் கொன்னுட்டியேடா."

"மெதுவாப் பேசுண்ணா. சும்மா ஒரு ஷோ."

"எங்க நைனாவத் தூக்கினு பூட்டு ஷோங்கிறியா?"

உதய் பதில் வைத்திருந்தான். அதுவும் பளிச்சென்று. "அன்னிக்கு எங்க வூட்டுக்குத்தானே சாவு வந்திச்சு? எங்கம்மா வளையல ஒடைக்கல? அரை நாளு நான் அப்பன் இல்லாத புள்ளையா ஒக்காந்திருந்தேன்ணா. அந்த அரை நாளத்தான் சொல்றேன்."

"மீதிய யார்ரா சொல்றது?"

"ரெண்டு அப்பா, ரெண்டு பில்லைன்னு போனா யாருக்கும் புரியல. போன வாரம் ஒரு மேடம் பாதிலயே செல்பி எடுக்கப் பூட்டாங்க. ஒரே அப்பன்னா நல்லா ஓடுது."

உள்ளே திரை விலகிக் கோவிந்தன் தலையை நீட்டினார். "வா ரத்னம், டீ குடி. சனி ஞாயிறு வெளிய வரவாணாம்னு சொல்லிக்கீறான் இவன். வந்தா செத்தவன் எப்படி முறுக்குத் துன்றான்னு கேப்பாங்களாம்." பல்லில்லாத வாயால் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்கள் முனிரத்தினத்தின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தன, முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உதய் கிளம்பிப் போகும் வரை காத்திருந்து, முனிரத்தினம் உள்ளே போனார்.

"சித்தப்பா, வண்டில ஏறு."

"எங்கடா?"

"உனக்கு மௌனம் போடறாங்க. பாக்க வாணாவா?"

கிழவர் மறுபேச்சில்லாமல் ஏறினார். வேலியருகே கூட்டம் ஹெல்மெட்டோடு நின்றது. விசில் வரைக்கும் வந்திருந்த உதய், ஆட்டோவிலிருந்து தன் தகப்பன் இறங்குவதைப் பார்த்தான். முனிரத்தினம் கையைப் பிடித்து நடு வட்டத்துக்குள் கூட்டிப்போனார். இப்போது இன்னா சொல்லுவே என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

உதய்க்கு மூச்சு விடுகிற நேரம்தான் தேவைப்பட்டது. "பிரண்ட்ஸ்," என்றான், குரல் தழுதழுக்க, "இவருக்குப் பதிலாத்தான் எங்கப்பா அன்னிக்கு இறங்கினார். பெரியவரே வந்துட்டார்." பெற்ற தகப்பனின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பெங்களூர்க்காரர்கள் சுற்றி நெருங்கினார்கள். இந்தச் சுற்றுலாவில் இது உண்டென்று விளம்பரத்தில் சொல்லவேயில்லையே என்று ஒருவர் நெகிழ்ந்தார்.

முனிரத்தினம் தமிழில் கத்தினார்: "பொய்ங்க! செத்தது எங்கப்பா!" அவரை ஸ்டேஷனில் பார்த்திருந்த ஒரு பையன் பக்கத்திலிருந்தவனிடம், "இவர்தான், பேய்க் கதை சொன்ன ஆட்டோக்காரர்" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பல்லவி என்றொரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஓசூர்ப் பக்கத்துத் தமிழ். கிழவரின் முன்னால் குனிந்து, "தாத்தா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக இறங்கினவர் பேர் என்ன?" என்று கேட்டாள்.

கோவிந்தன் மகனைப் பார்த்தார். அவன் கையெடுத்துக் கும்பிட்டபடி இருந்தான், இந்தத் தடவை நிஜமாகவே. பிறகு முனிரத்தினத்தைப் பார்த்தார். நான்கே எழுத்து, நாற்பத்தைந்து வருஷமாக ஒரே சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்ட பெயர்தான். முனிரத்தினத்தின் உதடுகள் அதைச் சொல்லிக்கொடுப்பதைப் போல அசைந்தன.

"கோவிந்தன்," என்றார் கிழவர்.

ஹெல்மெட்டுகள் கழன்றன.

கிழவரைத் திருப்பிக் கொண்டுபோய் விடவும் முனிரத்தினத்தின் ஆட்டோதான் இருந்தது. சக்கை மலையைத் தாண்டும்போது கிழவர் பின்சீட்டிலிருந்து, "அவன் எம்புள்ளடா ரத்னம்" என்றார்.

"நானும் ஒருத்தரோட புள்ளதான், சித்தப்பா."

லைன் முனையில் தங்கம்மா டீக்கடை வாசலில் நின்றிருந்தாள். "இன்னா ரத்னம், ஞாயித்துக்கிழம சவாரி? யார் பின்னால?"

"கோவிந்தன் சித்தப்பா. செத்துப் பூட்டாராம். வூட்ல எறக்க வந்தேன்."

தங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோவிந்தனும் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்த் திரையை இழுத்துக்கொண்டார்.

முனிரத்தினம் வண்டியைத் திருப்பினார். "டீ வாணாவா?" என்று தங்கம்மா கூப்பிட்டாள்.

"வாணாம். உதய் வந்து அவங்கப்பன யார் கொண்டாந்து உட்டாங்கன்னு கேப்பான்."

"ரத்னண்ணன்னு சொல்றேன்."

"அப்டிச் சொல்லாத." ஆட்டோவை அணைத்தார், கீழே இறங்கி நின்றார். "ஏழுமலை மவன்னு சொல்லு. லைனுக்கே கேக்கறாப்பல சொல்லு."