டீப்பிரீசருக்குள் இருந்த அட்டியல்

கமலாவதி அக்காவைப் பற்றி மொன்றியல் முழுக்க நான் சொல்லித் திரிந்த ஒரு சொல்லை முதலில் எழுதிவிடுகிறேன்: எடுப்புக்காரி, அதாவது இல்லாத பவிசைக் காட்டுகிறவள். இப்போது நினைத்தால் என் வாயிலேயே நாலு போடலாம் போலிருக்கிறது. ஆனால் 2007 மே மாதம், அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கை வீடியோ எடுக்கப் போனபோது வேறு எப்படி நினைத்திருப்பேன்? அக்காவுக்கு டவுன்டவுன் ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்குகிற வேலை, நாளுக்குப் பதினாறு அறை. கணவர் கனகசிங்கம் இரண்டு தெரு தள்ளி ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். குடியிருப்பது கோட்-டெ-நேஜில் இரண்டு அறை வாடகை வீடு. மகள் ரக்ஷனாவோ புரோசார்ட் மண்டபத்து வாசலில் குதிரை வண்டியில் வந்து இறங்குகிறாள், கழுத்தில் பன்னிரண்டு பவுண் அட்டியலோடு.

என் பெயர் இரவிச்சந்திரன். வார நாட்களில் அலுவலகக் கட்டடங்களில் கண்ணாடி துடைப்பேன். சனி, ஞாயிறில் நான் வீடியோக்காரன். பத்து வருடத்தில் இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். சனம் பார்ப்பது நகையை. லண்டனில் இருக்கிற மச்சாளும் டொரொன்டோவில் இருக்கிற சித்தியும் டிவிடியை நிறுத்தி நிறுத்தி, சங்கிலி எத்தனை பவுண் இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். அவர்களுக்காகத்தான் நான் கிட்டக் கிட்டப் போய் எடுப்பேன். "கழுத்து எடுக்கிறதில இரவியை விட ஆள் இல்லை" என்று பெயரும் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அக்கா மட்டக்களப்பு, கல்லடி. 1992இல் ஒரு மாரிகாலத்தில், கையில் ஒரேயொரு பையோடு இங்கே வந்து இறங்கியவர். முதல் வேலையும் அந்த ஹோட்டல்தான், இன்றைக்கும் அதேதான். 'பிறகு' என்பதற்கு யாழ்ப்பாணத்துக்காரரான நாங்கள் 'பேந்து' என்கிற இடத்தில் அவர் 'மறுகா' என்பார். ஒருமுறை கடையில் நாலு பேருக்கு முன்னால் அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் என் காதுபட அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. அதையும் நான் பெரிதாக எடுக்கவில்லை.

சடங்கு வீடியோவில் 'வீட்டுக் காட்சி' என்று ஒன்று உண்டு. அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. தாய், வீட்டில் நகை வைத்திருக்கிற இடத்தைத் திறந்து, நகையை எடுத்துப் பிள்ளைக்குப் போடுவாள். அதை மெதுவாக ஓடவிட்டு, பின்னால் நாதஸ்வரம் சேர்ப்பேன். சடங்கன்று காலையில் அக்கா வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"வேணாம் தம்பி. நகை வைக்கிற இடத்த ஒருத்தருக்கும் காட்டப்படாது."

"எல்லாரும் எடுக்கினம் அக்கா. கர்க்லாண்டில ஒரு வீட்டுக்காரர் என்னை பாங்க் லொக்கர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனவை." உண்மையில் என் கமராவைக் கண்டதுமே பாங்க் காவலாளி எங்களை வெளியே அனுப்பிவிட்டான். அதை நான் சொல்லவில்லை. மேலே ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன். "இதை எடுக்காட்டி, மட்டக்களப்பாரிட்ட என்ன இருக்கப் போகுதெண்டு சனம் நினைக்கும்."

அக்கா என்னைக் கடந்து சமையலறைக்குப் போனார். பிறகு, "எடுங்க" என்றார்.

சமையலறை மூலையில் டீப்பிரீசர். மேலே மீன் பொதி, இறால் பொதி. அடியில் ஒரு பெரிய ஐஸ்கிரீம் வாளி. வாளிக்குள் பொலித்தீன் பை, அதற்குள் துவாய், துவாய்க்குள் அட்டியல். சிவப்புக் கல், நடுவில் மயில். மயிலின் கண்ணில் மட்டும் மற்றவற்றை விடக் கறுத்த ஒரு கல். குளிர்ப் புகைக்குள் இருந்து தங்கம் வெளியே வருகிறது. ஒரு வீடியோக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான், நாலைந்து வேலைகளை ஒட்டி நான் செய்த விளம்பர டிவிடியின் முதல் துண்டாக அதையே வைத்தேன். எங்கள் தமிழ்க் கடையில், காசு கட்டுகிற இடத்துக்கு மேலே தொங்கும் டிவியில் அது கோடை முழுக்க ஓடியது. வாழைக்காய் வாங்க வந்தவர், தொலைபேசி அட்டை வாங்க வந்தவர் எல்லாரும் பார்த்தார்கள். துண்டு தொடங்குவது அழைப்பிதழில். தங்க எழுத்தில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், அவற்றின் கீழே வீட்டு விலாசம். அதையும் நான் கிட்டப் போய்த் தெளிவாக எடுத்திருந்தேன்.

ஆகஸ்டில் கோயில் தேர். அன்று சனிக்கிழமை, அக்கா வீட்டார் மூன்று பேரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். பின்னேரம் கனகசிங்கம் அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, ஒருக்கா வாங்க" என்றார்.

கதவு நெம்பித் திறந்திருந்தது. வரவேற்பறையில் டிவி இருந்தது. கம்பியூட்டர் இருந்தது. மேசையில் அண்ணையின் மணிக்கூடும் அதன் பக்கத்தில் நாற்பது டொலரும் கூட வைத்த இடத்திலேயே இருந்தன. படுக்கையறை அலுமாரியை ஒருவரும் தொடவில்லை. சமையலறையில் மட்டும் டீப்பிரீசர் வாயைத் திறந்துகொண்டு நின்றது. தரையெல்லாம் மீன் பொதியின் ஐஸ் கரைந்து தண்ணீர். நடுவில் ஐஸ்கிரீம் வாளி, மூடி வேறு, துவாய் வேறு. வந்தவர்கள் நேரே வந்து, நேரே எடுத்து, நேரே போயிருக்கிறார்கள்.

விசாரிக்க வந்த பொலிஸ்காரி பிரெஞ்சில் கேட்டதை ரக்ஷனா தமிழில் சொன்னாள். "அம்மா, இந்த இடம் ஆருக்குத் தெரியும் எண்டு கேக்கிறாங்க."

"ஒருத்தருக்கும் தெரியா" என்றார் அக்கா.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ரக்ஷனாதான் என் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளை. "அங்கிள், கடையில ஓடுற உங்கட டிவிடியில இது இருக்குத்தானே?"

அதற்குப் பிறகு ஒளிக்க என்ன இருக்கிறது? ஓம் என்றேன். அழைப்பிதழையும் சொன்னேன், விலாசத்தையும் சொன்னேன். பொலிஸ்காரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நகை வைத்திருக்கிற இடத்தை அந்த வீட்டுக்காரரே படம் பிடிக்கச் சொல்வார்களா என்று அவள் கேட்டதாக ரக்ஷனா சொன்னாள்.

அக்கா என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நல்லது. அவர் ஈரத்தரையிலேயே இருந்துவிட்டார். "இன்னும் மூணு கிழமைதான் இருக்கு" என்றார். எதற்கு மூன்று கிழமை? அவருடைய மகளின் சடங்குதான் முடிந்து மூன்று மாதம் ஆகிறதே. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அட்டியல் தெளிவாகத் தெரிகிற படம் ஒன்று பொலிஸுக்கு வேண்டும். மறுநாள் பகல் முழுக்க, ரக்ஷனாவின் பதிவைத் தேடி என் பழைய பதிவுகளைக் குடைந்தேன். முந்தின வருடம் எடுத்த, மட்டக்களப்பைச் சேர்ந்த கிறேஸ் அக்காவின் மகளுடைய தேவாலயக் கல்யாணம் தவறுதலாக ஓடியது. நிறுத்தப் போன கை அப்படியே நின்றுவிட்டது. மணப்பெண் கழுத்தில் சிவப்புக் கல் அட்டியல், நடுவில் மயில். சரி, ஒரே கடையில் ஒரே மாதிரி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கிட்டப் போய்ப் பார்த்தேன். மயிலின் கண்ணில் அதே கறுத்த கல்.

மட்டக்களப்புச் சனத்தின் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். இன்னும் இரண்டு அகப்பட்டன. நாலு குடும்பம், நாலு விழா, ஒரே அட்டியல். நாலையும் எடுத்தவன் நான், நாலு கழுத்தையும் கிட்டப் போய் எடுத்தவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

படங்களை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனால், உள்ளே ஐந்து பெண்கள் இருந்தார்கள். நாலு பேர் அந்த நாலு பிள்ளைகளின் தாய்மார். ஐந்தாவது ஆள் கௌசலா, அக்காவோடு அதே ஹோட்டலில் வேலை. அவருடைய மகள் தக்ஷினியின் சடங்குதான் மூன்று கிழமையில். அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது.

நாலு படத்தையும் மேசையில் வைத்தேன். கௌசலா முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். கமலாவதி அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தெரிஞ்சு போச்சு. சொல்லத்தானே வேணும்" என்றார். "சுனாமிக்குப் பிறகு எங்க அஞ்சு பேரிட்டயும் ஒரு நகை இல்ல தம்பி. என்ட தம்பி பேரின்பநாதன்ட வீட்டக் கடல் கொண்டு போயிட்டு. ஒரே மகள், அவளும் போயிட்டாள், பன்னிரண்டு வயசு. காப்பு, சங்கிலி, தாலிக்கொடி எல்லாத்தையும் வித்துத்தான் அவனுக்கு ஒரு வீடு கட்டிக் குடுத்தன். இவங்களும் அப்பிடித்தான், ஆளுக்கொரு சகோதரம் அங்க. மறுகா எங்கட பிள்ளையள் பெரிசாகிட்டுதுகள். அஞ்சு பேரும் சீட்டுப் பிடிச்சு இந்த ஒண்ட வாங்கினம். ஆருக்கு விழா வருதோ அவக்கு."

தாலிக்கொடியை விற்று ஊரில் வீடு கட்டிக் கொடுத்த ஒருவரையா நான் எடுப்புக்காரி என்று கடை கடையாகச் சொல்லித் திரிந்தேன்?

"அக்கா, இதை வெளியில சொல்லியிருந்தா சனம் உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டிருக்குமே. ஏன் ஒளிச்சனீங்கள்?"

"கும்பிட்டிருக்கும் தம்பி. மறுகா, பிள்ளைட கழுத்துல ஒண்டும் இல்லையே எண்டும் கதைச்சிருக்கும். நீங்களே கதைச்சிருப்பீங்க."

அதே வருடம் ஒரு கல்யாணத்தில், மணப்பெண்ணின் கழுத்தைப் பார்த்துவிட்டு, "எடுக்கிறதுக்கு ஒண்டும் இல்லையே" என்று நான் பகிடி விட்டது நினைவுக்கு வந்தது. அந்தப் பகிடி எத்தனை வீட்டுக்குப் போனதோ.

கவரிங் நகை போடலாமே என்று நான் கேட்டதற்கு கிறேஸ் அக்கா, "கையில தூக்கிப் பாரம் பார்க்கிற ஆக்கள் வருவாங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். யாரிடமாவது இரவல் வாங்கித் தருகிறேன் என்றேன். "இனி வேணாம்" என்றார் கமலாவதி அக்கா. கௌசலா சடங்கையே நிறுத்தப் போவதாகச் சொன்னார். அக்கா விடவில்லை.

மூன்று கிழமை கழித்து அதே புரோசார்ட் மண்டபம். தக்ஷினி கழுத்தில் ஒரு பூமாலையோடு மட்டும் உள்ளே வந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஆரத்தித் தட்டோடு ஐந்து பெண்கள். அத்தனை நாளும் முலாம் பூசின கொடியில் தொங்கிய தாலியை அன்றைக்கு மஞ்சள் கயிற்றில் கட்டியிருந்தார்கள், கிறேஸ் அக்கா தவிர. அவர் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை, கறுப்பு நூலில். கதை, சிரிப்பு, கரண்டிச் சத்தம் எல்லாம் ஒன்றாக நின்றன. முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் குளிரூட்டியின் இரைச்சல் கேட்டது.

எனக்குப் பக்கத்து மேசையில் ஒரு அம்மா குனிந்து என்னிடம் கேட்டார். "என்ன இரவி, பிள்ளைக்கு ஒண்டும் போடேல்லையோ?"

நான் கமராவை இறக்கினேன். "இருந்தது அம்மா. கள்ளருக்கு வீட்டு விலாசமும் குடுத்து, இடமும் காட்டினது நான்தான்."

கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. நாலு மேசை திரும்பிப் பார்த்தது. அட்டியல் ஐந்து பேருக்குச் சொந்தம் என்பதை மட்டும் அன்றைக்கு நான் சொல்லவில்லை. இன்றைக்கு அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அன்றோடு என்னை வீடியோ எடுக்கக் கூப்பிடுவது அநேகமாக நின்றுவிட்டது. நின்றது நியாயம்தான்.

ஐப்பசியில் ஒரு நாள் கமலாவதி அக்காவே கூப்பிட்டார்.

"ஊர்ல இருக்கிற என்ட தம்பிக்கு ரக்ஷனாட டிவிடிய அனுப்பினன். பார்த்திட்டு அழுகிறான். முகத்தக் காணல்லையாம். அவன்ட மகளைப் போல இருக்காளா எண்டு பார்க்கோணுமாம். போட்டோ அனுப்பினன், அது சரிவராதாம். சிரிக்கக்குள்ளதான் சாயல் தெரியும் எண்டு சொல்றான். உங்களிட்ட வேற பதிவு இருக்கா?"

"இருக்கும் அக்கா. இல்லாட்டி இப்பவே வந்து புதுசா எடுக்கிறன்" என்று சொல்லிக் கமராவோடு ஓடினேன். ரக்ஷனா என் தோளில் கமராவைக் கண்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அக்கா தட்டியும் அவள் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூலப் பதிவை முதலிலிருந்து போட்டேன். நாலு மணி நேரம் பதினெட்டு நிமிடம். அட்டியல், மறுபடியும் அட்டியல், தட்டு, கேக், குதிரை. அந்தப் பிள்ளையின் முகத்துக்குப் போகிற இடத்தில் எல்லாம் கமரா கழுத்தில் நின்றுவிடுகிறது. அது தானாக நிற்கவில்லை, நான் நிறுத்தியிருக்கிறேன். முகம் வந்த மற்ற இடங்களில் வெளிச்சம் அடித்து வெள்ளையாக இருக்கிறது. ஒரே ஓர் இடம் மட்டும் தப்பியிருந்தது. வீட்டுக் காட்சிக்கு முன்னால் ஐஸ்கிரீம் வாளியின் மூடி அக்காவின் கையிலிருந்து வழுக்கி உருண்டு ஓடுகிறது. ரக்ஷனா வாய்விட்டுச் சிரிக்கிறாள். பிசகு என்று நான் வெட்டி எறிந்த துண்டு. பதினொரு செக்கன்.

எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பதினொரு செக்கனா?" என்றார். "அது போதும் தம்பி. அவன் நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்ப்பான்."