‘பரவாயில்லை’க்குப் போட்ட இரண்டு மார்க்

கொழும்பில் ஒரு முதலீட்டு வங்கியில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். இன்றைக்கும் போனஸ் என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. ஏனென்று சொல்கிறேன். புதிதாக இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஒரு நாள் காலை தர்ஷினி தன் வருடாந்த ரிவியூ ஃபோமைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். என் டீமில் ஜூனியர் எனலிஸ்ட். ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறை வரிசை வீட்டில் பிறந்து, கெம்பஸ் போய், எங்களிடம் வந்தவள். ஃபோமில் ஐந்துக்கு இரண்டு மார்க். மூன்றுக்குக் கீழே போனால் போனஸ் பூஜ்யம். அந்தக் காசில்தான் அடுத்த தொழில் பரீட்சைக்குக் கட்டணம் கட்ட இருந்தாள். அந்தப் பரீட்சை பாஸாகாமல் எங்கள் ஒஃபிசில் புரமோஷன் கிடையாது.

"கீழ உங்க சைனும் இருக்கு சேர்," என்றாள்.

இருந்தது. கட்டாக வந்த ஃபோம்களில் வாசிக்காமலே போட்ட கையெழுத்து. வெட்கமாக இருந்தது.

இரண்டு மார்க் வாங்குகிற வேலையா அவள் செய்தாள்? பெல்மதுளைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரி. முதலாளி நம்ம ஆள், தோட்டத்திலிருந்து மேலே வந்தவர். புது மெஷின் போட, பங்கில் ஒரு பகுதியை விற்றுத் தரும்படி எங்களிடம் வந்தார். ஆனால் தினமும் வாங்குகிற கொழுந்தின் எடையும் விலையும் எழுதுகிற கொழுந்துப் புத்தகத்தை மட்டும் யார் கண்ணிலும் காட்டமாட்டேன் என்றுவிட்டார். தர்ஷினி நான்கு நாள் அங்கேயே போய் இருந்தாள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்று பார்த்தாள். மழைக்காலத்தில் ஈரக் கொழுந்துக்குத் தண்ணீர் எடை கழிப்பார்கள். கொழும்பில் நாங்கள் போட்ட வரவுசெலவு மொடலில் அந்தக் கழிவே இல்லை. கண்டுபிடித்துத் திருத்தியது அவள்தான். அப்புறம்தான் அவளை நம்பி முதலாளி புத்தகத்தைத் திறந்தார், டீல் முடிந்தது.

ஃபோமில் காரணம் என்ற இடத்தில் இங்கிலீஷில் ஒரே வரி. கஸ்டமரிடம் கேட்டதில், இவளைப் பற்றி ‘ஜஸ்ட் ஓகே’ என்றாராம்.

உடனே முதலாளிக்குப் போன் போட்டேன். மனிதர் திகைத்துப் போனார்.

"நல்லதாத்தானே சொன்னேன். உங்க ஒஃபிஸ் பொண்ணு ஒன்னு போன்ல சிங்களத்துல கேட்டுச்சு, ‘கமக் நே’ன்னு சொன்னேன். பரவாயில்லங்க நம்ம புள்ள. அது வராட்டி நான் புத்தகத்தையே காட்டியிருக்க மாட்டேன்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தோட்டத்தில் யாரையும் தலையில் தூக்கி வைத்துப் பேச மாட்டார்கள், கண் பட்டுவிடும். ‘பரவாயில்லை’ என்று ஒருவர் வாயிலிருந்து வந்தால் அதுவே பெரிய சர்டிபிகேட். அதை அவர் அப்படியே சிங்களத்தில் சொன்னார். சிங்களத்தில் அது ‘போகட்டும், விடு’ என்கிற மாதிரி. போனில் கேட்ட எச்.ஆர். பெண் அதை ‘ஜஸ்ட் ஓகே’ என்று இங்கிலீஷாக்கினாள். ஒரு வருட உழைப்புக்கு மார்க் போட ஒரு நிமிடப் போன் போதுமாம்! அவள் என்ன செய்தாள் என்று ஒரு மடையனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய முதல் மடையன் நான்.

எச்.ஆர். மனேஜரிடம் போய்ச் சத்தம் போட்டேன். அந்த அம்மா அமைதியாகக் கேட்டுவிட்டு, எழுத்தில் கொடுத்தால் திருத்தலாம் என்றார். ஆனால் ஒருவருடைய மார்க்கைத் திறந்தால் முழு டீமுடைய மார்க்கும் திறக்குமாம். போனஸுக்கு ஒதுக்கிய தொகை ஒன்றுதான், அவளுக்கு ஏறினால் வேறு யாருக்காவது இறங்கும். அது எனக்கே இறங்கலாம். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் கடிதத்தோடு போனேன். போனஸ் பட்டியல் முந்தின நாள் பின்னேரமே மேலிடத்துக்குப் போய்விட்டதாம். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. ‘ஜஸ்ட் ஓகே’யை மட்டும் வெட்டிவிட்டு ‘கஸ்டமர் திருப்தி’ என்று எழுதிக் கொடுத்தார்கள். மார்க் இரண்டுதான்.

தர்ஷினியிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நேத்தே குடுத்திருக்கலாமே சேர்?"

கடிதம் டைப் பண்ண நேரமாகிவிட்டது என்றேன். பொய். எட்டு வரிக் கடிதம் அது. என் போனஸ் எவ்வளவு குறையும் என்று அன்று முழுக்கக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை. எனக்குப் போனஸ் முழுசாக வந்தது.