உதறுகிற வண்டி

என் மாமனார் ஆயுசு முழுக்க லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றும் அவர் வாய் ஓயவில்லை. மெக்கானிக்கான தன் ஒரே மகனை நாலு பேர் முன்னால் "கைராசி கெட்ட பய" என்று கூப்பிடுவதில் அவருக்கு அப்படி ஒரு சுகம். பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்று வைத்திருந்தார். அதுதான் உயிர். "ஓட்ட முடியாமப் போற அன்னைக்கு என்னைப் பொதைச்சிருங்க" என்பார்.

அந்தக் கார் உதற ஆரம்பித்தது. சீரான வேகத்தில் போகும்போது டார்க் கன்வெர்ட்டர் லாக் ஆகி, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாகச் சுற்ற வேண்டும். பிரேக்கைத் தொட்டால் லாக் விட்டுவிடும். மாமா ஓட்டும்போது அது பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஆயிலை மாற்றினார், லாக்கை இயக்கும் சோலனாய்டை மாற்றினார், கடைசியில் கியர்பாக்ஸை இறக்கிக் கன்வெர்ட்டரையே மாற்றினார். பிறகும் உதறல் நிற்கவில்லை.

"நான் ஓட்டுனா ஒழுங்காத்தான் போகுதுப்பா."

"ஒங்கிட்ட எதுடா ஒழுங்காப் போச்சு?" பட்டறைக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பார்.

போன வாரம் மாமா காரை எடுக்க, இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன். முன்னால் ஈ காக்கை இல்லாத ரோட்டில் பிரேக் லைட் எரிவதும் அணைவதுமாக இருந்தது. பட்டறைக்குத் திரும்பியதும் சொன்னேன்.

"மாமாவோட இடது கால் பிரேக்குல இருக்குங்க."

"எனக்கே வண்டி சொல்லித் தர்றாளா? கால் கீழதான்டா கெடக்கு" என்றார் மாமா, சீட்டை விட்டு எழாமல். கிளட்ச் மிதித்தே பழகிய கால். இந்தக் காரில் அதற்கு வேலையே இல்லை. அப்போதும் அது பிரேக் மேல்தான் இருந்தது.

இவர் குனிந்து பார்த்தார். மெதுவாக அந்தக் கால் செருப்பைக் கழற்றினார். மாமாவுக்குத் தெரியவில்லை. சர்க்கரை அந்தக் காலை மரக்கட்டையாக்கியிருந்தது.

வேறு மகனாக இருந்தால் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருப்பான். இவர் அங்கிருந்தவர்களைக் கிட்டே வரச் சொன்னார். ஸ்க்ரூடிரைவரை எடுத்து மாமாவின் கால் கட்டைவிரலில் அழுத்தினார்.

"எங்க குத்துறேன்னு சொல்லுங்கப்பா."

"குத்தித் தொலை. அதுக்கும் நல்ல நேரம் பாக்கணுமா ஒனக்கு?"

யாரோ சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன். மாமா குனிந்தார். கால்மிதியெல்லாம் ரத்தம். காலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். சாவியை உருவி நீட்டினார்.

இவர் வாங்கவில்லை.

"இன்னும் சொல்லலையேப்பா" என்று அழுத்திக்கொண்டே இருந்தார்.