கண்ணை மூடினால் உப்புமா

எனக்குக் குரல் பெரிது. பெருமைக்குச் சொல்லவில்லை. சித்தூரில் நான் வேலை பார்த்த மிஷன் பள்ளியில் அது ஒரு தகுதி. சின்னப் பிள்ளைகளின் வகுப்புகள் மூன்றும் ஒரே நீளக் கூடத்தில் நடந்தன. நடுவில் சுவர் கிடையாது, ஆளுயர மூங்கில் தட்டிதான். ஒரு தட்டிக்கு அந்தப் பக்கம் தெலுங்கு அ, ஆ. இன்னொரு தட்டிக்கு அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு. நடுவில் நான் நாலு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு 'அணில்' என்று கத்த வேண்டும். கொஞ்சம் குரலைத் தாழ்த்தினால் என் பிள்ளைகள் தெலுங்கு படித்துவிடுவார்கள். அப்படிப் படித்தவர்களும் உண்டு. அவர்கள்தான் பிற்பாடு நல்ல வேலைக்குப் போனார்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம் என் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். அப்பா அரசாங்க பஸ் டிரைவர், புத்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். ஜூனில் சேர்ந்த பிள்ளை தசரா விடுமுறை முடிந்த பிறகும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் 'அணில்' என்று கத்தும்போது வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தால், "வூட்ல வாயே மூடமாட்டா டீச்சர். காது புளிச்சிப்பூடும்" என்றாள்.

தலைமை ஆசிரியை இதை நம்பவில்லை. அவரை நாங்கள் பெரிய டீச்சர் என்போம். காது கேட்காத பிள்ளையைப் பெற்ற எந்த அம்மா ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேட்டார். தூரத்தில், இரண்டு பஸ் மாறிப் போகிற ஊரில், காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. விடுதியோடு. அங்கே பெரிய டீச்சருக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கிறிஸ்துமசுக்கு முன்னால் எழுதிப் போட்டால் இடம் கிடைக்கும். சின்ன வயதிலேயே அனுப்பினால்தான் பிள்ளைக்கு நல்லது என்றார். அவர் செய்த எல்லாமே நல்லதுக்குத்தான். அவரிடம் வாதாட முடியாமல் போனதற்கும் அதுதான் காரணம்.

பஸ்காரர் சம்சாரம் ஒரு நாள் சாயங்காலம் என்னை மறித்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்க டீச்சர். எம் பொண்ணு செவுடா?"

என் வகுப்பில் யாருக்குக் காது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று ஆண்டவருக்கே தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை விளக்கினேன்.

இந்தச் சமயத்தில்தான் பாலர் வகுப்பு டீச்சர்களுக்குத் திருப்பதியில் ஒரு வாரப் பயிற்சி என்று எங்கள் கூடத்து ஆசிரியைகள் மூன்று பேரையும் அனுப்பினார்கள். களிமண்ணில் மாம்பழம் செய்யச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்துப் போனோம். பயிற்சி கொடுத்தவர் ஒல்லியான தெலுங்குக்காரர். அவர் பேசியது முதல் வரிசையைத் தாண்டாது. பிள்ளையைக் கவனிப்பதற்கு முன்னால் டீச்சர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்றார். கால் தரையில் பதிந்திருக்கிறதா, மூச்சு எப்படிப் போய் வருகிறது, கோபம் வந்தால் உடம்பில் முதலில் எந்த இடத்தில் வருகிறது. எனக்கு அது வாயில்தான் வரும். இதற்குத் திருப்பதி வரை வந்திருக்க வேண்டியதில்லை, என் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். "ஊபிரி சூடண்டி" என்றார், மூச்சைப் பாருங்கள் என்று. போதும் என்று தோன்றுகிறவர்கள் திறந்துகொள்ளலாம் என்றும் சொன்னார்.

போதும் என்று தோன்றினால் திறக்கலாம் என்பது எங்கள் சபையில் கேள்விப்படாத சலுகை. எங்களுக்குக் கண்ணை மூடினால் ஜெபம். தலை தானாகக் குனியும், விரல்கள் தானாகக் கோத்துக்கொள்ளும். யாராவது ஆமென் சொல்லும்வரை திறக்கிற வழக்கமில்லை. போதகர் நீட்டி முழக்குகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் குழம்பு அடிபிடித்தாலும் திறக்கிறதில்லை. ஆகவே நாங்கள் மூவரும் மூடினோம், குனிந்தோம், காத்திருந்தோம். சுற்றிலும் புடவை சரசரக்கிற சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள், டம்ளர்கள் வந்தன, காபி வாசனை வந்தது. ஆமென் மட்டும் வரவில்லை.

கடைசியில் அந்த மனிதர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, தாழ்ந்த குரலில், சித்தூர் டீச்சர்களைப் பாருங்கள் என்று கூடத்துக்குச் சொன்னார். இத்தனை ஆழத்துக்குப் போனவர்களைத் தன் அனுபவத்தில் பார்த்ததில்லையாம். காபி ஆறிப்போயிருந்தது. அடுத்த நாளிலிருந்து எங்களை முன்வரிசையில், மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்கிற மாதிரி உட்கார வைத்தார்கள். நாங்கள் உண்மையைச் சொல்லவில்லை. வலிய வந்த பாராட்டை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் வேறு வேலையில்லாமல் மூச்சைப் பார்த்ததில், என் தாடை எப்போதும் இறுகியே கிடக்கிறது என்று கண்டுபிடித்தேன். திரும்பி வரும்போது பஸ் சந்திரகிரி தாண்டும் வரைக்கும் அதைத் தளர்த்திப் பார்த்துக்கொண்டு வந்தேன். விட்டால் உடனே இறுகிக்கொண்டது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

பெரிய டீச்சர் எங்களைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"அவங்க சாமி பேரு எதுனா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லீங்கம்மா. மூச்சப் பாக்கச் சொன்னாங்க."

"மூச்சுல இன்னாம்மா கீது பாக்கறதுக்கு? உள்ள போவுது, வெளிய வருது."

"அதத்தாம்மா பாக்கணுமாம்."

"சரி. கர்த்தர் குடுத்த மூச்சுதானே, பாருங்க. பாடத்த வுட்டுறாதீங்க."

மறுநாள் காலையில் மணி அடித்ததும் மூன்று வகுப்பிலும் ஒரே நேரத்தில் கண்ணை மூடச் சொன்னோம். அந்தக் கூடம் கட்டிய நாளிலிருந்து வேலை நாளில் அமைதி என்பதைப் பார்த்திருக்காது. எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் கையில் பம்போடு ஓடிவந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "யாருனா பூட்டாங்களா டீச்சர்?" என்றார். யாரும் சாகவில்லை, மூச்சுதான் பார்க்கிறோம் என்று சொல்லி அனுப்பினேன். அவருக்கு அது திருப்தியாக இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் பிள்ளைகளிடம் இருந்தது. எங்கள் பள்ளியில் மத்தியானம் கோதுமை உப்புமா போடுவோம். போடுவதற்கு முன் ஜெபம். எந்த வீட்டுப் பிள்ளையானாலும் கைகூப்பிக் கண்ணை மூடும், ஆமென் சொல்லும், உப்புமா வரும். இதில் ஒரு நாளும் தவறியதில்லை. இப்போது காலையிலேயே கண்ணை மூடினார்கள். திறந்தார்கள். தட்டை எடுத்து முன்னால் வைத்தார்கள். உப்புமா வரவில்லை.

"கண்ண மூடினோமே டீச்சர்!" என்றான் ஒருவன். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒன்று அழ ஆரம்பித்ததும் தட்டிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிடித்துக்கொண்டது. முதல் வாரம் முழுக்க நாங்கள் அமைதியாக உட்கார்ந்தது, ஒவ்வொரு நாளும் கலவரத்தில்தான் முடிந்தது. மூச்சு விடுவதற்கே நேரமில்லை, அப்புறம் அதை எங்கே பார்ப்பது?

அடுத்த வாரம் பிள்ளைகள் சமாதானத்துக்கு வந்தார்கள். காலையில் மூடினால் ஒன்றும் கிடைக்காது, மத்தியானம் மூடினால் கிடைக்கும் என்று தங்களுக்குள் முடிவு கட்டிக்கொண்டார்கள். கூடம் உண்மையிலேயே அடங்கியது. அப்போது நான் வழக்கத்தை மீறி ஒரு கண்ணைத் திறந்தேன். மூச்சு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. டிரைவர் மகள் மட்டும் கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மூடிக்கொள்ளவில்லை, அவளும் மூடிக்கொள்ளவில்லை. அந்த நேரம் தெருக்கோடியில் பஸ் ஆரன் அடித்தது. அவள் தலை சட்டென்று வாசல் பக்கம் திரும்பியது.

மணி அடித்ததும் பெரிய டீச்சர் அறைக்கு ஓடினேன்.

"காது கேக்குதும்மா அந்தப் பொண்ணுக்கு. ஆரன் அடிச்சதுக்குத் திரும்புனா."

"பஸ்சு போனா தரை அதிருது இல்ல? செவுட்டுப் பிள்ளைங்களுக்குக் காலாலயே தெரியும்மா" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, திங்கட்கிழமை தானே வந்து உட்கார்ந்து பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு விடுதிக்கு எழுதிவிடப் போவதாகவும் சொன்னார்.

திங்கட்கிழமை வந்தார். டிசம்பர் மாதம். பாட்டுக்குழு, காகித நட்சத்திரம், தேவதூதர்களுக்கு இறக்கை தைப்பது என்று எல்லாம் அவர் தலையில்தான் விடிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொன்னேன். பெரிய டீச்சரும் அவரை அறியாமலே மூடிக்கொண்டார். பார்க்க வந்தவர் கண்ணை மூடினால் எதைப் பார்ப்பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தப் பிள்ளையைப் பேர் சொல்லிக் கத்த வேண்டும் போல இருந்தது. பேசுடி, ஒரு வார்த்தை பேசித் தொலை, உன்னைக் கொண்டுபோய் விடுதியில் விட்டுவிடுவார்கள் என்று. வாய் வரைக்கும் வந்துவிட்டது. தாடை கல்லாக இருந்தது. அந்த ஒல்லி மனிதர் சொன்னதை ஒரே ஒரு முறை உருப்படியாகச் செய்தேன் என்றால் அது அப்போதுதான். காலைத் தரையில் வைத்தேன். மூச்சை விட்டேன். வாயைத் திறக்கவில்லை. கூடம் அப்படியே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் என் புடவையை யாரோ இழுத்தார்கள்.

"டீச்சர்" என்றது ஒரு குரல். கரகரவென்று, தொண்டை கட்டின பாட்டுக்காரர் மாதிரி. "பெரிய டீச்சர் தூங்கிக்கினு கீறாங்க."

பெரிய டீச்சர் விழித்துக்கொண்டார். "யாரு தூங்குனது? நான் ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்."

"கொறட்ட வந்துச்சே."

"அது கொறட்ட இல்ல. சளி."

"எங்க நைனாவும் அப்டிதான் சொல்லும்" என்றாள் அவள்.

பெரிய டீச்சர் இதற்கும் பதில் சொல்ல வாயெடுத்தார். எடுத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். காது கேளாத பிள்ளையிடம் யாரும் வழக்காடுவதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்தார். நான் என் மூச்சைப் பார்த்தேன். அவர் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இன்னும் கண்ணை மூடிக் காத்திருந்த மற்றப் பிள்ளைகளுக்காக "ஆமென்" என்றார். விடுதியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்தால் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார்.

மத்தியானம் உப்புமா போடும்போது அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன். "இத்தினி நாளா ஏன்டி பேசல?"

"நீங்கதான் பேசிக்கினு இருந்தீங்க" என்றாள், உப்புமாவைப் பார்த்தபடியே.

சாயங்காலம் அம்மாக்காரி வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, பெரிய டீச்சரயா அப்டி சொன்னா? வாய்க் கொழுப்பு டீச்சர், இவ அத்தைக்கு கீற மாதிரியே" என்று மகள் முதுகில் வலிக்காமல் ஒன்று வைத்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டி வாங்கிட்டோம் டீச்சர். தகரப் பொட்டி. எப்டியும் அனுப்பிடுவாங்கன்னு அவரு போன வாரமே வாங்கியாந்தாரு. இவ கண்ணுல படக்கூடாதுன்னு பக்கத்து வூட்டுக் கட்டிலுக்கு அடில வெச்சிருந்தேன். பாவாட சட்டகூட மடிச்சிட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். "இனிமே இன்னா, அரிசி கொட்டி வெச்சிக்க வேண்டியதுதான்."

அதைச் சொல்லிவிட்டு விம்மி விம்மி அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வாய் பெரிதாக இருந்து என்ன பிரயோசனம், அவளுக்குச் சொல்ல எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பசி வேளை. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தது.

"எந்திரிம்மா. நம்ம வூட்டுக்குப் போலாம்."