மூன்று திறப்புவிழா கண்ட பஸ்

என் சமையலறை இழுப்பறையில் ஒரு கத்தரிக்கோல் கிடக்கிறது. ஒரு காலத்தில் பிடியில் தங்கமுலாம் மினுங்கியது. இப்போது எல்லாம் உரிந்து வெறும் இரும்பு. உம்பாய்க் கடற்கரையில் வாங்கும் மீனுக்குச் செட்டை வெட்ட வைத்திருக்கிறேன். முதன்முதலில் இது வந்தது பட்டுத்துணி விரித்த தட்டில். தட்டைப் பிடித்தவள் நான், ரிப்பனை வெட்டியவர் எங்கள் தலைவர்.

தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலாக்காவில் சுங்கை ரம்பாய்ப் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்த எங்கள் தோட்டக் குடியிருப்பின் கமிட்டிக்குத் தலைவர், அவ்வளவுதான். ஆனால் நடை மட்டும் மந்திரி நடை. கேமராவுக்கென்றே ஒரு சிரிப்பு வைத்திருந்தார். கேமரா இல்லாத இடத்தில் அதை நான் பார்த்ததே இல்லை.

அம்மாவுக்கு அப்போது சிறுநீரகம் பழுதாகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் மலாக்கா டவுனுக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துவர வேண்டும். டாக்சிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. டவுன் பக்கமே வீடு பார்க்கலாம் என்று நான் சொன்னால், "நான் பொறந்து வளந்த எடம்டி இது, என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்" என்பார். அதனால் தோட்டத்துக்கு பஸ் வாங்க மேலிடத்திலிருந்து நிதி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டது அவர்தான்.

கூட்டத்தில் அம்மா எழுந்து நின்றார். "சின்ன வேனா, பழசா வாங்குங்க தலைவரே. மிச்சத்த டிரைவர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் ஒதுக்கி வைங்க. வருஷக்கணக்கா ஓடணும்ல?" அன்று அந்தக் கூட்டத்தில் யாராவது உருப்படியாகப் பேசினார்கள் என்றால் அது அம்மா மட்டும்தான். தலைவர் முகம் சுளித்தார். "அக்கா, நல்ல காரியம் பேசும்போது அபசகுனமா கேக்காதீங்க லா. பஸ் வரட்டும், மத்ததெல்லாம் தானா வரும்." உடனே எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

புத்தம்புது பெரிய பஸ்ஸே வந்தது. பந்தல், மேளம், தலைவர் படம் போட்ட பேனர். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய பணத்தில் பாதி பெரிய பஸ்ஸுக்கும் மீதி பந்தலுக்கும் போயிற்று. பின்னே? டிரைவர் சம்பளத்துக்கு ரிப்பன் கட்ட முடியாதே! டயர் மாற்றுவதற்கு மாலை போட்டுப் படம் எடுப்பார்களா என்ன? விழா முடிந்ததும் தலைவர் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டி, "ராசியான கைம்மா உனக்கு, வச்சுக்கோ" என்றார். நானும் பல்லை இளித்துக்கொண்டு வாங்கினேன்.

பஸ் சில மாதம் ஓடியது. டிரைவர் அண்ணன் தங்கமானவர், அம்மா படியேறும்வரை எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். இரண்டு மாதச் சம்பளம் வராமல் போனதும் அவர் பாக்டரி வேலைக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பஸ் செம்பனை மரத்தடியில் நின்றது. கோழிகள் ஏறி முட்டையிட்டன.

அடுத்த தேர்தல் நெருங்கியதும் அதே பஸ்ஸுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள். மறுபடியும் பந்தல், எலுமிச்சை, பூசணி. மறுபடியும் தட்டைப் பிடித்தவள் இந்த மூதேவிதான். எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். அம்மா இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கலாமே என்ற நப்பாசை. அந்த முறை அது தீபாவளி வரைகூட ஓடவில்லை.

கடைசியில் டவுன் பக்கம், புக்கிட் பெருவாங்கில் ஓர் அறை எடுத்து அம்மாவை அழைத்துவந்தேன். லாரியில் சாமான் ஏற்றும்போது அந்தப் பச்சை பஸ்ஸைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். இரண்டு வருடம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். சொன்னபடியே தூக்கிக்கொண்டுதான் போனோம், ஆனால் அவர் சொன்ன வீட்டிலிருந்து இல்லை.

போன மாதம் தலைவர் போன் செய்தார். தலை நரைத்திருக்கும், குரலில் அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. "பஸ்ஸ மறுபடி விடுறோம்மா. இந்தத் தடவை நீலக் கலர். நீதான் தட்டு பிடிக்கணும்."

"அடுத்த வருஷம் டிரைவருக்கு யாரு சம்பளம் குடுப்பா தலைவரே?" என்று கேட்டேன்.

 "உங்கம்மா மாதிரியே அபசகுனமா பேசுறியேம்மா" என்றார். என் வாழ்நாளில் அந்த மனுஷன் எனக்குக் கொடுத்த ஒரே மரியாதை அதுதான். "அந்தக் கத்தரிக்கோல் இருந்தா எடுத்துட்டு வா, அது ராசியானது" என்று கடைசியில் சொன்னார்.

திறப்புவிழா ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததாம். அந்த நேரத்தில் நான் அடுப்படியில் உட்கார்ந்து, அதே கத்தரிக்கோலால் மீனுக்குச் செட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். இத்தனை வருடத்தில் அது செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.