கைகுலுக்கலை எண்ணுகிறவர்

கிளப் தலைவர் கை குலுக்கும்போது, எத்தனை விநாடி குலுக்குகிறார் என்று கோச் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டு என்றால் நிம்மதி. நான்கைத் தாண்டினால் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார். பதினாறு வருடத்தில் ஐந்து நாடுகளில் ஐந்து கால்பந்து அணிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஐந்திலிருந்தும் அனுப்பிவைக்கப்பட்டவர் அவர். கோல் போடும் வழியில்கூட அவருக்குச் சந்தேகம் வரலாம். வேலை போகும் வாசனை மட்டும் முன்கூட்டியே மூக்கில் ஏறிவிடும்.

"மொதல்ல ஒடம்பு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. அப்புறம் கார் நிறுத்துற எடத்தை மாத்துவாங்க. கடைசியா, பெருக்குற அம்மா நம்மளைப் பாத்துச் சிரிப்பாங்க. அவ்வளவுதான், கதை முடிஞ்சுது" என்பார்.

எந்நேரமும் டிராக் சூட்தான். கல்யாண வரவேற்புக்கும் அதேதான். இஸ்திரி போட்டிருக்கும், அது ஒன்றே வித்தியாசம். சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்றாலும் சும்மா இருக்க மாட்டார். முன்னால் நிற்பவரின் தோளைத் தட்டி, "எடம் காலியா கெடக்கு பாருங்க, ஏறிப் போங்க!" என்று கையை வீசுவார். பாஷை புரியாவிட்டாலும் ஜனங்கள் பயந்துபோய் நகர்ந்துவிடுவார்கள்.

இது ஆறாவது நாடு. இங்கே அவருடைய மனைவி ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகிவிட்டார். மகள் பத்தாவது படிக்கிறாள். "இந்தத் தடவை நான் பெட்டி கட்ட மாட்டேங்க. வேலையை விட்டு எடுத்தா உங்களைத்தான் எடுப்பாங்க, எங்களை இல்ல" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். வேலை போனால் மனுஷன் தன்னந்தனியாக மூட்டையைத் தூக்க வேண்டியதுதான். அதை நினைத்தாலே அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

போன வெள்ளிக்கிழமை தலைவர் ஏழு விநாடி கை குலுக்கினார். உடம்பு எப்படி என்று கேட்டார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வந்து பார்க்கச் சொன்னார். வெளியே வந்தால், காரை இனி வேறு இடத்தில் நிறுத்தும்படி சீட்டு. பெருக்குகிற அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கோச் வீட்டுக்குப் போன் போட்டார். "முடிஞ்சுதும்மா."

"லெட்டர் குடுத்தாங்களா?"

"லெட்டர் எதுக்கு? எனக்குத் தெரியாதா?"

"எதுக்கும் திங்கக்கிழமை வரைக்கும் வாயைத் தொறக்காம இருங்க."

அது நடக்கிற காரியமா? சனிக்கிழமை காலையே பையன்களை மைதானத்தில் கூட்டினார். போகிற நேரத்திலாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போவோம் என்று, அந்த ஊர்ப் பாஷையில் தெரிந்த நூறு வார்த்தையையும் ஒரே மூச்சில் செலவழித்தார். பந்து வந்தால் கோல்கீப்பர் கண்ணை மூடிக்கொள்கிறான். கேப்டனுக்கு இடது எது, வலது எது என்று இன்னும் தெரியாது. தலைவரின் மருமகனை விளையாட விடுவதற்குப் பதிலாக ஒரு கொடிக்கம்பத்தை நட்டுவைத்தால், அதில் பட்டாவது நாலு கோல் விழும். பிறகு ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்துக் கண்கலங்கிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை தலைவர் ஒரு காகிதத்தை நீட்டினார். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம்! எப்போதும் கடைசியில் கிடக்கிற அணியை ஒன்பதாவது இடம்வரை ஏற்றியவர் வேறு யாரும் இல்லையாம். உடம்பைப் பற்றிக் கேட்டது காப்பீட்டுப் படிவத்துக்காக. காருக்குக் கொடுத்திருந்தது கூரை போட்ட இடம். பெருக்குகிற அம்மாள் சிரித்ததற்கும் காரணம் இருந்தது: வெள்ளிக்கிழமை கோச் டிராக் சூட்டைத் திருப்பிப் போட்டிருந்தார்.

கையெழுத்துப் போட்டதும் சந்தோஷத்தில் தலைவரின் கையைப் பிடித்துப் பத்து விநாடி குலுக்கினார். அடுத்த நிமிஷமே சனிக்கிழமை ஞாபகம் வந்து, கையை விட்டுவிட்டு வெளியே வந்தார். மனைவிக்குப் போனில் விஷயத்தைச் சொன்னார்.

"அப்பாடா! யார்கிட்டயும் ஒண்ணும் ஒளறிடலையே?"

"ஹலோ... ஹலோ... சரியாக் கேக்கல" என்று போனை வைத்துவிட்டார்.

மைதானத்தில் பதினொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தலைவரின் மருமகன் முதல் ஆள். தப்புப் பண்ணியவன் யாராக இருந்தாலும் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓட வேண்டும் என்பது கோச் போட்ட சட்டம். அவர் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு, அவர்களைத் தாண்டிப் போய், கோட்டோரமாக முதல் சுற்றை ஓடத் தொடங்கினார்.